ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

கேக்கைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கேக் பாவம், அது என்ன செய்தது என்பாள் என் மனைவி. அது ஒன்றும் செய்யவில்லைதான். ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் எங்கள் சிங்கப்பூர் ஆய்வுக்கூடத்தில் எனக்காக ஒரு கேக் வரும். நான் முட்டை சாப்பிடாதவன் என்பதால், எங்கள் குழுவை நடத்தும் மேடம் ஃபேரர் பார்க் வரை போய் முட்டை போடாத கேக்காகப் பார்த்து வாங்கி வருவார். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வெட்டுவேன். நான் பிறந்ததோ ஐப்பசியில்.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த தலைமையாசிரியருக்கு ஐப்பசி தோதுப்படவில்லை. பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்து ஜூன் ஒன்று என்று எழுதினார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தத் தேதிதான் மதிப்பெண் சான்றிதழுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் போய், சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேருக்கு இதே கதைதான். ஊரில் இதை யாரும் ஒரு விஷயமாகவே பேச மாட்டார்கள். இங்கே அது ஒரு மனிதரின் நுரையீரலில் போய் முடிந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு ஸ்கேன் படங்களைப் படிக்கும் ஒரு மென்பொருளை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால், அதே ஆளின் பழைய படத்தைத் தேடி எடுத்து, புள்ளி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று அது டாக்டருக்குச் சொல்லும். வளர்ந்திருந்தால் கவலை. அப்படியே இருந்தால் ஏதோ பழைய தழும்பு, பயமில்லை. படங்கள் பல மருத்துவமனைகளிலிருந்தும் கிளினிக்குகளிலிருந்தும் வரும். நோயாளியின் அந்தரங்கம் காக்க வேண்டும் என்று அடையாள எண்ணை நீக்கிவிடுவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒரு குறியீடாக மாற்றி அனுப்புவார்கள். இரண்டு படங்களில் ஒரே குறியீடு இருந்தால் இரண்டும் ஒரே ஆள். அப்படித்தான் விதி எழுதினோம். எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

அந்த விதியை முடிவு செய்த கூட்டத்திலேயே எனக்கு உறுத்தியது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தாலுகா முழுக்கக் குலசாமியின் பெயரை வைத்திருப்பார்கள். அப்பா பெயரும் நாலைந்து பெயர்களுக்குள் அடங்கிவிடும். பிறந்த தேதியைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார். இதில் யாரை யாரென்று பிரிப்பது?

"தமிழ்நாட்டு வொர்க்கர்ஸ் நிறைய பேருக்கு ஒரே பேரு இருக்கும் மேடம்," என்றேன்.

மேடம் இங்கேயே, ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்த தமிழர். "பேரு சேமா இருக்கலாம். டேட் ஆஃப் பர்த்துமா சேமா இருக்கும்? எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு கேஸ் வரும் லா."

"இல்ல மேடம், ஸ்கூல்ல சேர்க்கும்போது இஷ்டத்துக்கு ஜூன்னு போட்டுடுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். "வெயிட், உங்க பர்த்டேயும் ஜூன்தானே? அப்போ உங்களதும் டுப்ளிகேட்டா?"

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"சேச்சே, என்னோடது கரெக்ட்தான்," என்றேன்.

அவ்வளவுதான். என் பேச்சுக்கு இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சியே பல்டி அடித்துவிட்டான். மேடம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போது நிரந்தரவாசத்துக்கு, அதாவது பி.ஆருக்கு, விண்ணப்பித்து, நானும் மனைவியும் பொங்கோல் வீட்டில் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். படிவத்தில் ஜூன் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது பொய் என்று சக ஊழியர்கள் முன்னால் சொல்லி, யாராவது எங்காவது போட்டுக் கொடுத்துவிட்டால்? சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "பி.ஆர். வரட்டும், அப்புறம் ஊருக்கே தண்டோரா போடுங்க," என்றாள். நானும் தலையாட்டினேன். யாரும் என்னைக் கழுவில் ஏற்றியிருக்க மாட்டார்கள். அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் பயம்.

மென்பொருள் ஒரு மருத்துவமனையில் சோதனைக்குப் போனது. சில மாதங்கள் கழித்து அங்கிருந்து ஒரு மின்னஞ்சல். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும் ஒரு தொழிலாளி. நுரையீரலில் ஒரு புள்ளி. 'பழைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் இல்லை' என்று எங்கள் மென்பொருள் சொல்லியிருந்தது. டாக்டரும் ஒரு வருடம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஐந்தே மாதத்தில் சளியில் ரத்தத்தோடு அந்த மனிதர் திரும்பி வந்திருக்கிறார். இரண்டு படங்களையும் சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

திறந்து பார்த்தேன். பழைய படத்தில் வலது பக்கம் நான்காவது விலா எலும்பு நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. புதிய படத்தில் அதே எலும்பு பிரியாமல் ஒற்றையாக இருந்தது. பிறக்கும்போதே பிரிந்த எலும்பு நடுவில் எப்படி ஒட்டிக்கொள்ளும்? இவர் வேறு, அவர் வேறு. யாரோ ஒருவருக்கு எப்போதோ வந்துபோன காசநோயின் தழும்பைக் காட்டி, இந்த மனிதரின் புற்றுநோயைப் பயமில்லை என்று அனுப்பியிருக்கிறோம். மருத்துவமனையைக் கூப்பிட்டு இருவரின் விவரத்தையும் கேட்டேன். பெயர் ஒன்று. பிறந்த தேதி, சொல்லவும் வேண்டுமா, ஜூன் ஒன்று.

அன்றே சோதனையை நிறுத்தினார்கள். அதுவரை சரி. பிறகு ஒரு அறிக்கை தயாரானது. அதில் இதற்கு 'அரிதான நிகழ்வு' என்று பெயர். எது அரிது? அரிது என்று எழுதியவருக்கு ஒரு தொழிலாளியையாவது தெரியுமா? விலா எலும்பைக் கூடத் திருப்பிப் பார்க்காத டாக்டர் மேலும் எனக்குக் கோபம். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம், இவர் ஆமாம் போட்டாராம். சப்பைக்கட்டு கட்டியவர்கள் எல்லோர் மேலும் கோபம். அந்த அறிக்கையின் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

நடந்ததை நோயாளிக்கு விளக்க ஒருவர் வர வேண்டும் என்று மருத்துவமனை கேட்டது. தமிழ் பேசுகிறவன் என்று என்னை அனுப்பினார்கள். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான். வெல்டிங் பொறி பட்ட புள்ளிப் புள்ளித் தழும்புகள் முன்கை முழுக்க இருந்தன. இன்னொருவர் படத்தை உங்களுடையது என்று மெஷின் எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்ததைச் சொன்னதும் அவர் சிரித்தே விட்டார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

"நம்மாளுங்க கூடுற தேக்காவுல ஞாயித்துக்கெழமை நின்னுக்கிட்டு ஜூன் ஒண்ணுன்னு கத்துனா பாதிக் கூட்டம் திரும்பிப் பாக்கும் சார். நெசமா நான் பொறந்தது தை மாசம். உங்களுக்கு?"

"எனக்கும் ஜூன் ஒண்ணுதான். நெசமா ஐப்பசி."

"அப்ப நீங்க நம்ம ஆளு," என்றார். பிறகு யோசித்து, "மெஷின் செஞ்சவங்களுக்கு இது தெரியாதா சார்?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

என் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது! அவர் அதை நம்பினார். முதல் தடவையே பிடித்திருந்தால் ஒரு அறுவைச் சிகிச்சையோடு முடிந்திருக்கும் என்று வெளியே வராந்தாவில் டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இப்போது பரவிவிட்டது. அடுத்த மாதமே அவரை ஊருக்கு அனுப்பினார்கள். திருச்சியில் மருந்து ஏற்றிக்கொள்கிறார் என்று அவரே வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியில் தெரிந்தது. அந்த இடைவெளியில் எங்களுக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. மனைவி கேசரி கிண்டினாள். நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

இந்த வருடமும் ஜூன் ஒன்று வந்தது. கேக்கும் வந்தது. மேடம் கத்தியை என் கையில் கொடுத்தார். நான் அதைக் கீழே வைத்தேன்.

"இது என் பிறந்தநாள் இல்ல மேடம். எந்த வருஷமும் இல்ல. அன்னிக்கு மீட்டிங்ல நான் சொன்னது பொய்."

கைதட்டத் தயாராக இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மேடம் முகம் சிவந்துவிட்டது. "அப்போ அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார். சிரித்தது நீங்கள்தானே என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கேள்விதான் கேட்டார், பொய் சொன்னது நான்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருச்சியிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஒரு கேக் படம், கீழே 'நம்ம ரெண்டு பேருக்கும் ஹேப்பி பர்த்டே சார்'. உடனே அவரைக் கூப்பிட்டேன். நலமா என்று கூடக் கேட்காமல் சொன்னேன்.

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ல, அது பொய். மெஷின் செய்யும்போதே எனக்குத் தெரியும். ஜூன் ஒண்ணு விஷயம் தெரியும்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?" என்றார். மேடம் கேட்ட அதே கேள்வி.

"பி.ஆருக்குப் போட்டிருந்தேன். என் தேதியும் பொய்ன்னு தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கெடச்சிருச்சா சார்?" என்று கேட்டார்.

"கெடச்சிருச்சு."

"நல்லது சார்," என்று சொல்லி வைத்துவிட்டார்.