சேத்துப்பட்டுக்கு மேலே 2.44

சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். முப்பத்தோரு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவன் நான். சங்கிலியில் அடங்காத எதையும் நம்பியதில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன்.

செல்போன் வீட்டுக்கு ஒன்று வந்துவிட்ட காலம். ஆரணியை ஒட்டிய சேவூரில் எங்கள் வீடு. மனைவி படுக்கையில் விழுந்த பத்தொன்பதாம் நாள், டாக்டர் நாடியைப் பிடித்துவிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்றார். கோயம்புத்தூரில் வேலை பார்த்த மகனுக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் வந்தால் நேரமாகும், இரண்டு மணி விமானத்தில் சென்னைக்கு வந்து அங்கிருந்து கார் பிடிக்கிறேன் என்றான்.

மகளின் பழைய பள்ளி அட்லஸை எடுத்து ஸ்கேலை வைத்தேன். கோவைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் நானூற்று முப்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி. அந்தக் கோடு எங்கே போகிறது தெரியுமா? பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்கு மேலேயே போகிறது. பெற்றவளை இவ்வளவு கிட்டத்தில் தாண்டிப் போய், சென்னையில் இறங்கி, மூன்று மணி நேரம் திரும்பி வர வேண்டும். என் கணக்குப்படி 2.44க்குச் சேத்துப்பட்டு, ஆறரைக்கு வீடு.

உயிர் பிரியும் முன் மகன் கையால் பால் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் ஊற்றித் தலைமாட்டில் தயாராக வைத்திருந்தோம். அவளுக்கு நாக்கு வறண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

“நானே ஊத்திடறேன் நைனா, பாக்க முடியல” என்றாள் மகள்.

“அவன் வந்துகினு இருக்காம்மா. ஆறரைக்கு வந்துடுவான்.”

“உங்க கணக்கக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க. அதுவரைக்கும் அம்மா தாங்கணுமே!”

நான் விடவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.44. குனிந்து அவள் காதில், “உன் புள்ள சேத்துப்பட்டு மேல வந்துட்டான்” என்றேன். நம்பினால் நம்புங்கள், நான் நிமிர்ந்து சுவரோரம் நகர்ந்துவிட்டேன், மகள் வாசற்படியில் நின்றாள், பாலாடையை யாரும் தொடவில்லை, படுத்திருந்தவள் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. உதட்டோரம் வழிந்த துளி மோவாய்க்கு வரும் முன், யாரோ விரலால் துடைத்தாற்போல் மறைந்தது. “கை ஏன்டா இவ்ளோ ஜில்லுனு கீது?” என்றாள். அதோடு மூச்சு நின்றது. பாலாடை காலியாக இருந்தது.

ஆறு நிமிடம் கழித்துப் போன் அடித்தது. மகன்.

“நைனா, ஃப்ளைட் இன்னும் கிளம்பவே இல்ல. ஏதோ ரிப்பேராம். கோயம்புத்தூர்லயே உக்காந்துகினு இருக்கேன். யாரும் பால் ஊத்திடாதீங்க, எப்படியாவது வந்துடறேன்.”

அவன் வந்து சேர்ந்தபோது பத்தே கால். மறுநாள் வாய்க்கரிசிதான் போட முடிந்தது அவனால். அவளை அவ்வளவு நேரம் தாகத்தோடு கிடத்தியவன் நான். பெற்ற மகளைக்கூடத் தடுத்தேன். ஒரு கையாவது வந்ததே என்று ஆறுதல் அடையலாம்தான். யாருடைய கை என்று தெரியாமல் எப்படி அடைவது?

இதைவிட ஒன்று இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்தபிறகு மகள் ஒரே ஒருமுறை கேட்டாள்.

“அண்ணன்தான் வரலியே. அப்போ நீங்க ஸ்டூல இழுத்துப் போட்டு, ‘உக்காருப்பா, ஊத்து’ன்னு யார்கிட்ட சொன்னீங்க நைனா?”

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. ஆனால் அன்று ஆட்கள் வந்து அவளைத் தூக்கியபோது, கட்டிலருகே ஒரு ஸ்டூல் கிடந்தது. நான்தான் அதை எடுத்து ஓரமாக வைத்தேன்.