தார் ஒட்டிய ஷூ

பரணில் பத்து வருடத்துக்கு மேலாகக் கிடந்த ஒரு ஜோடி ஷூவை என் மகள் கேட்கிறாள். கொடுப்பதா, வேண்டாமா? இந்தச் சின்னக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. நீல நிற ஷூ. அதன் வெள்ளைப் பட்டை பழுப்பேறிவிட்டது. அடிப்பக்கத்து வரிப்பள்ளங்களில் தார் ஒட்டிக் கல்போல இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும் என்று தெரியும், ஆனால் கை வரவில்லை. அது என் நாத்தனாருடையது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் தங்கைக்காக வாங்கி அனுப்பியது. அவளுக்குச் சின்னப் பாதம் என்பதால் பையன்களுக்கான பகுதியில் தேடித்தான் அளவு கிடைத்ததாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு அது இப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது.

நான் கடியப்பட்டணத்துக்கு மருமகளாக வந்தபோது நாத்தனார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்பே எழுந்து கடற்கரை மணலில் ஓடுவாள். சுனாமிக்குப் பிறகு மாமியார் அவளைக் கரைப்பக்கம் விடவில்லை, அதனால் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கினாள். மீன் கூடையான கடவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் மீன்காரப் பெண்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். "ஏட்டி, மீன் வண்டி போயாச்சு, இனி யாரைத் துரத்துத?" என்று ஒருத்தி கேட்டால், "துரத்தல மாமி, கல்யாணத் தரகர்ட்டேருந்து தப்பிச்சு ஓடுதேன்" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போவாள். விளையாட்டுச் சான்றிதழ்களைக் காட்டி ரயில்வேயில் வேலை வாங்க வேண்டும் என்பது அவள் கனவு. அரை மாரத்தான் ஒன்றில் பரிசு வாங்கிவிட்டால் அந்தக் கனவு கைக்கு எட்டிவிடும் என்று நம்பினாள்.

அந்த நேரத்தில்தான் என் மகள் பிறந்தாள். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரிக்கும். இதயத்தில் ஓட்டை என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். கணவர் வெளிநாட்டில். நான் வேதியியல் படித்தவள். டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, புரிந்ததால் பயம் கூடியது. குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டபடியே இரவுகளைக் கழித்தேன். பகலில் கொஞ்சமாவது கண் மூட முடிந்தது என்றால் அது நாத்தனாரால்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பாள். "பேடிக்காதீங்க மைனி, இவ எனக்க மருமோளாக்கும். என்னைவிட வேகமா ஓடுவா" என்பாள்.

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்பது மூச்சு விடுவது மாதிரி. வள்ளம் திரும்பி வர, பரீட்சையில் தேற, காய்ச்சல் இறங்க, எல்லாவற்றுக்கும் மாதாவிடம் ஏதாவது நேர்ந்துகொள்வார்கள். சிலர் வெறுங்காலில் கோட்டாற்றுக் கோயிலுக்கு நடப்பார்கள், சிலர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். நாத்தனார் என்ன நேர்ந்திருக்கிறாள் என்பது அரை மாரத்தான் நடந்த நாள் காலையில் மாமியார் கொடுத்த கட்டன்காப்பியை அவள் தள்ளி வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டைவிட்டு இறங்கியதிலிருந்து ஓட்டத்தை முடிக்கும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாள், என் குழந்தைக்காக. நான் பதறினேன். அவள் சமாதானம் சொன்னாள். விடிந்ததும் ஓட்டம் தொடங்கிவிடும், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம், தண்ணீர் குடிக்காமல் பலமுறை ஓடிப் பழகியிருக்கிறாள். அவள் கணக்கில் தப்பில்லை.

கணக்கைக் கெடுத்தது கொடியசைக்க வரவேண்டிய சிறப்பு விருந்தினர். அவர் வருகிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மே மாத வெயில். அன்றைக்குப் பார்த்து கடற்காற்றும் செத்துக் கிடந்தது. மேடையில் இருந்தவர்களுக்கு மோர் வந்தது. ஓட வந்த பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். அவர் வந்து, மாலை வாங்கி, பேசி முடித்துக் கொடியசைத்தபோது ஒன்பது மணி தாண்டியிருந்தது. அதற்கு முன்பே நான் அவளிடம் போய், நேரம் மாறிவிட்டதே, இனி அந்த நேர்ச்சை கணக்கில் வராது, இதைக் குடி என்று பாட்டிலை நீட்டினேன். அவள் சிரித்தாள். "மாதாட்ட மீன் வெல பேசுத மாதிரி பேசச் சொல்லுதீங்களா மைனி?" என்றாள்.

நானும் மாமியாரும் குழந்தையோடு ஆட்டோவில் முன்னால் போய், வழியில் அங்கங்கே இறங்கி நின்றோம். முதல் இடத்தில் குழந்தையின் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திவிட்டு ஓடினாள். இரண்டாவது இடத்தில் கையை மட்டும் அசைத்தாள். அடுத்து நின்றது வயல்களுக்கு நடுவில், மரம் இல்லாத ஒரு இடம். தார் உருகி, ஓடுகிறவர்களின் காலடியில் சப் சப் என்று ஒட்டியது. அவள் வந்தபோது முகத்தில் வியர்வையே இல்லை. உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. வியர்வை நிற்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குடிக்கத்தானே கூடாது, நனையலாமே என்று பாட்டிலை அவள் தலையில் கவிழ்த்தேன். தண்ணீர் நெற்றியில் வழிந்து மூக்கின் இருபுறமும் இறங்கி வாயருகே வந்தது. அவள் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மாமியார் அதைப் பார்த்தார். மகளைக் குடி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேர்ச்சை முறிந்தால் அது யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் தலை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

முடிவுக் கோட்டின் பந்தல் தெரிகிற தூரத்தில் அவள் விழுந்தாள். உடம்பு அடுப்புக்கல் மாதிரி சுட்டது. வாய் குழறி ஏதோ சொன்னாள், அது எங்களுக்கு விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்தார்கள், ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த எங்கள் பங்குச் சாமியார் மாமியாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேற நேர்ச்சையா மாத்திக் குடுத்திருப்பேனேம்மா" என்றார். அப்படி ஒரு வழி இருப்பது அந்தக் கூட்டத்தில் பலருக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்று காலையில் மட்டும் யாருக்கும் அது தோன்றவில்லை.

அந்த மழைக்காலத்தில் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இன்று அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மாதிரிக் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். மாமியார் கேட்பது வேறு: "ஆரு தந்த உயிருன்னு பிள்ளைக்குத் தெரியண்டாமா?" அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. தன் மகள் போனதற்கு ஒரு அர்த்தம் வேண்டுமே அவருக்கு. ஆனால் பதினோரு வயதுப் பெண்ணிடம், உனக்காக ஒருத்தி செத்தாள் என்று எப்படிச் சொல்வது? அத்தை வெயிலில் ஓடும்போது மயங்கி விழுந்து இறந்துபோனாள் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது மகளும் ஓடுகிறாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். அதற்குத்தான் அந்த ஷூ வேண்டுமாம். போன வாரம் பயிற்சி முடிந்து வந்தவளின் பையைத் திறந்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "மறந்துட்டேம்மா" என்றாள். மறந்தும் இருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் அவள் அப்பா போனில், கம்பெனியை மூடப் போகிறார்கள் போலிருக்கிறது என்று சொன்னார். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு முறை கேட்டதும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஷூவைப் பரணிலிருந்து இறக்கி வாசலில் வைத்திருக்கிறேன். தாரை இன்னும் துடைக்கவில்லை. அதைக் காட்டி நடந்த எல்லாவற்றையும் சொன்னால் அவள் பயந்து தண்ணீர் குடிப்பாளா, அல்லது அத்தையைப் போலவே நேர்ந்துகொள்ளத் துணிவாளா? சொல்லாமலே விட்டால், தெரியாமலே அதே வழியில் போய்விடுவாளா? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை போட்டி. வெயில் இப்போதே ஏறத் தொடங்கிவிட்டது.