சோற்றைக் கைவிட்ட றஸீன் மச்சான்

எனக்கு மூத்த சபூரா ராத்தாவைக் கட்டியவர் றஸீன் மச்சான். பாலாவியில் அவருக்கு ஓர் உப்பளம் உண்டு, உடம்பில் சீனி வருத்தம் உண்டு. போதாததற்கு மருமகன் முறைக்காரன் ஒருவன் ஸ்மார்ட் போனும் வாங்கிக் கொடுத்துத் தொலைத்தான்.

கிளினிக் டொக்டர் சொன்னது இவ்வளவுதான்: "சோத்தக் கொறைங்க. அடியோட விடுறதெண்டா முதல்ல எனக்கிட்ட வாங்க, குளிசையின்ட அளவ மாத்தோணும், இல்லாட்டி சீனி ஒரேயடியா இறங்கிடும்." மச்சான் முதல் பாதியைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். மிச்சத்தை யூடியூப்பில் ஒரு வாயாடி சொல்லிக் கொடுத்தான். சோறு, பாண், இடியப்பம் எல்லாம் நின்றன. குளிசை மட்டும் பழையபடி உள்ளே போனது.

அதற்குப் பிறகு அவரோடு பேச முடியவில்லை. "சோறு திண்டா மூள மந்தமாகும். எனக்கு இப்ப மூள கத்தி மாதிரி" என்பார். கத்தி மாதிரியான அந்த மூளையோடு மோட்டார் சைக்கிளைச் சந்தியில் மறந்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தார். கலியாண வீடுகளில் ஆறு பேருக்கு ஒரு தட்டான சஹனில் அவர் குந்தினால் மற்ற ஐந்து பேருக்கும் வெறும் சோறுதான். இறைச்சி முழுவதும் அவர் பக்கம் போய்விடும். வெட்கம் கெட்ட மனிசன்!

கை நடுங்குவதை முதலில் கண்டது இளைய மகள் நிஸ்மியா. "வாப்பா, டொக்டர்கிட்ட போவம்" என்றாள். "அது கொழுப்பு எரியுற நடுக்கம் மகள்" என்றார் மேதை.

அவளுடைய நிக்காஹ் நாளும் வந்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வாப்பாமார் மௌலவியிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். மகளைத் தன் வாயால்தான் கொடுக்க வேண்டும் என்பது மச்சானின் நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. மௌலவி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்று நின்றாரே, அதைத்தான் சொல்கிறேன். காலையில் குளிசையைப் போட்டுக்கொண்டு இரண்டு முட்டையை மட்டும் தின்றுவிட்டு மண்டபத்துக்கு வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மைக் வாய்க்கு நேரே இருந்தது.

"என்ட மகள் சபூராவ உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு..."

மண்டபமே சிரித்தது. கட்டின மனிசியையே தாரை வார்த்துவிட்டார் என்று ஒருவன் கத்தினான். மௌலவி, "மகள்ட பேரச் சொல்லுங்க ஹாஜியார்" என்றார். மச்சான் அவரை வெறித்துப் பார்த்தார். நெற்றியில் வியர்வை ஓடியது. வாய் அசைந்தது, பேர் வரவில்லை. சிரிப்பு அடங்கியது.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரை விலகியது. மணப்பெண் உடுப்போடு நிஸ்மியா ஆண்கள் நடுவே விறுவிறுவென்று வந்தாள். கையில் ஒரு கிளாஸ் சர்பத். மாப்பிள்ளை வீட்டுக் கிழங்கள் "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று முணுமுணுத்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. வாப்பாவின் தலையைப் பிடித்துச் சர்பத் முழுவதையும் பருக்கினாள். பிறகு அவர் முன்னாலேயே குந்திக்கொண்டாள். மௌலவியும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மச்சானின் கண் தெளிந்தது.

"வாப்பா, நான் யாரு?"

அவர் அவளைப் பார்த்தார்.

"நிஸ்மியா."

"ஓம். இப்ப அத மைக்குல சொல்லுங்க."