மகன் கொண்டு வந்த மாத்திரை

குழித்துறைச் சந்தைப் பக்கத்து மருந்துக்கடையில் ரெஜிஷாவிடம் சீட்டை நீட்டினால் உடனே மாத்திரை வராது, கேள்விதான் வரும். வேறு என்ன மாத்திரை தின்கிறீர்கள், யார் கொடுத்தது, வீட்டில் உள்ளதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள் என்பாள். பன்னிரண்டு வருடமாக இதே பல்லவி. ஊரில் அவளுக்குப் ‘பைக்காரி’ என்றே பெயர். முதலாளி தாணுலிங்கத்துக்கு இதில் ஏக எரிச்சல். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார் என்பார். கொஞ்ச நாளாகத் தமக்குப் பிரஷர் இறங்காததற்கும் அவளே காரணம் என்பார்.

மத்தியாஸ் கடற்கரைக்காரர், இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். அன்று வந்தபோது கையில் கருநீலமாகக் கன்றியிருந்தது. ஈறில் கசிந்த ரத்தத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே நின்றார். மீன்பிடி வள்ளத்தில் இடித்துவிட்டதாம். ரெஜிஷா வேறு மாத்திரை உண்டா என்று மூன்று தரம் கேட்டாள். மாதா சத்தியமாக இல்லை என்றவர், மூட்டு வலிக்கிறதென்று சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போடப் போனார். எட்டிக் கையைப் பிடித்துவிட்டாள்.

“அப்போ இது என்னது மாமா?”

“இது மருந்தில்ல மக்ளே. மவன் ஜெஃப்ரின் குவைத்துல இருந்து கொண்டு வந்ததாக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை. மகன் கொண்டுவரும் பெட்டியில் கம்பளி, சென்ட், தைலம், வலி மாத்திரை எல்லாம் சேர்ந்தேதான் வரும். எல்லாமே பிள்ளையின் பாசம். பாசத்தை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வார்கள்?

இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே ஆள் போய்விடும் என்று கண்டித்தாள். இதய டாக்டருக்குப் போன் போட்டாள். குவைத் மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றினாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார் மனிதர். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சவப்பெட்டிதான் என்றாராம் டாக்டர்.

அடுத்த மாதம் மத்தியாஸ் பையோடு வந்தார். மகன் கொண்டு வந்த பெருமையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார். இப்போது வீடு வீடாக ஏறி இறங்கித் திரும்ப வாங்கி வந்திருக்கிறார்.

“ஒரு அட்டை மட்டும் பாக்கி மக்ளே,” என்றவர் கல்லாப் பக்கம் பார்த்தார். “முதுகு வலின்னு உங்க முதலாளி வாங்கினது.”

தாணுலிங்கத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ரெஜிஷா ஒரு காலிப் பையை எடுத்து அவர் முன் வைத்தாள்.

“வலி மாத்திரை தின்னா பிரஷர் எப்பிடி இறங்கும் முதலாளி? வீட்டுல உள்ளதையும் இதுல போட்டுக் கொண்டு வாருங்க.”