கழற்றி மாட்டிய டயர்

சேர்ந்து விளையாடலாமென்று வெளிநாட்டிலிருக்கும் மகன் லீவில் வந்தபோது என் கணினியில் ஒரு கேமை ஏற்றிக்கொடுத்தான். பிணங்கள் நடமாடும் ஊரிலிருந்து தப்பிக்க ஒரு ஓட்டைக் கார். அதைச் சரிசெய்ய கேமில் எனக்கு மெக்கானிக் லெவல் போதவில்லை. நல்ல டயரையே கழற்றிக் கழற்றி மாட்டினால்தான் லெவல் ஏறுமாம். என்ன பிழைப்போ! வெளியே காரைக்குடி வெயில் கொளுத்த, கதவைச் சாத்திக்கொண்டு அதையே செய்தேன். ஷெட்டில் நிற்கும் என் சொந்தக் காருக்குக் காற்றடிக்கக்கூட நான் குனிந்ததில்லை.

நேற்று அந்த ஓட்டைக் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. உடனே மகனுக்கு போன் போட்டேன்.

“வண்டி ரெடிப்பா. வந்து ஏறிக்க.”

“இன்னுமா அதை விளையாடுறீக அப்பச்சி? நான் அழிச்சு ரொம்ப நாளாச்சே.”

“சரிப்பா” என்று வைத்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்தேன். பிறகு இறங்கி, டயரைக் கழற்றினேன்.