இரண்டடி எர்த் கம்பி

டொக்டர் அம்மாவின் கேற்றுக்கு வெளியே, மழையில் நனைந்தபடி, கொளுக்கியைத் தூக்காமல் நான் நின்ற அந்தச் சில நிமிடங்களை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். பச்சை நிறக் கேற். கீழ்ப்பக்கம் துருப்பிடித்து, பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்றிருந்தது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிற்பாட்ட மறந்திருந்தேன். பின்னேரம் மூன்று மணிதான், ஆனால் வானம் ஆறு மணிபோல் கறுத்துக் கிடந்தது. அரை மணித்தியாலமாக அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. உள்ளே போனால் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை என்ற மூடத்தனமான எண்ணத்தோடு, கையைக் கொளுக்கியில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஏதாவது நடந்திருந்தால் அதற்குக் காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வயறிங் வேலை செய்பவன். ஓ.எல். வரைதான் படிப்பு. முன்பு வீடுகளுக்கு லைற்றும் பிளக்கும் போட்டேன். இணையம் வந்தபிறகு அதற்கான வயர்களும் இழுக்கப் பழகிக்கொண்டேன். சுவரோடும் வயரோடும் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவை என்னோடு கதைப்பதில்லை. மனிதர்கள் கதைத்தால் எனக்கு நா வறண்டுவிடும். அதிலும் ‘இல்லை’, ‘ஏலாது’, ‘அது பிழை’ என்ற சொற்கள் என் வாயில் வரவே வராது. ஒருவர் சொல்லச் சொல்ல ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் புறுபுறுப்பேன். அவரோ, “இதை அங்கை சொல்லியிருக்கலாமே அப்பா” என்பார். அங்கே சொல்ல முடிந்தால் நான் ஏன் வீட்டில் புறுபுறுக்கிறேன்?

டொக்டர் அம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு பழைய மதில் வீட்டில் தனியாக இருந்தார். கண்ணில் நீர் அழுத்தம் கூடிப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். நோர்வேயில் இருந்த அவருடைய தம்பி, குடும்பத்தில் சேர்ந்திருந்த பழைய ஒலிப்பதிவுகளையெல்லாம் ஒரு சிறு கணினிப் பெட்டியில் ஏற்றி, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களோடும் கருவிகளோடும் அனுப்பியிருந்தார். வீட்டு இணையத்தோடு கலக்காமல், பாட்டுக்கென்றே தனியாக ஒரு வலை அமைக்க வேண்டும் என்பது அவர்கள் இருவரின் ஆசை. “கண்ணாலை பாக்கிறதை விட்டாச்சு தம்பி. காதாலை கேக்கிறதையாவது வடிவாக் கேப்பம்” என்று முதல் நாளே சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அவர் ‘தம்பி’ என்றதும் பள்ளிக்கூடப் பெடியனைப்போல நிமிர்ந்து நின்றேன்.

ஒன்பது நாள் வேலை. இணையத்தைத் தரும் ரூட்டர் முன் ஹோலில். பாட்டுகள் உள்ள பெட்டியின் காற்றாடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று அதைச் சாமான் அறையில் வைத்தேன். பாட்டு அறையில் ஒரு சாம்பல் நிற இரும்பு அலுமாரி. வயர்கள் எல்லாம் அதற்குள் வந்து சேரும். ஹோலிலிருந்து அலுமாரிவரை, வெளிச் சத்தம் புகாமல் தகட்டுறை சுற்றிய தடித்த வயரை இழுத்தேன். அலுமாரிக்கான கரண்டையும் மெயினிலிருந்து நேரே தனி லைனாக எடுத்தேன். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போனால் ஒலி கெடும் என்று தம்பியார் எழுதியிருந்தார். அதற்கும் நான் ஓம் என்றேன்.

முதல் பாட்டைப் போட்டபோது என் கையில் மயிர் கூச்செறிந்தது. நாதஸ்வரக்காரர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. டொக்டர் அம்மாவின் முகம் மட்டும் சுருங்கியது.

“தம்பி, உர் எண்டு ஒண்டு வருது.”

“எனக்குக் கேக்கேல்லையே அம்மா.”

“உமக்குக் கண் தெரியுது, அதுதான் கேக்கேல்லை. பாட்டுக்குப் பின்னாலை ஒரு இலையான் இருக்கிற மாதிரி. வடிவாக் கேளும்.”

ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன். ஈ இரைவதுபோல ஒரு மெல்லிய சத்தம் இருந்தது. மூன்று நாள் தேடியும் அந்த இலையானை என்னால் பிடிக்க முடியவில்லை. நாலாம் நாள் அவர் தன் தொலைபேசியை என் முன்னால் நீட்டினார். அது ஏதோ ஒரு தளத்தில் ஆரோ எழுதியதை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்தது. எனக்குப் பாதி விளங்கவில்லை. அவர் தமிழில் சொன்னார்: “வீட்டு எர்த்திலையிருந்து அலுமாரியைக் கழட்டிப்போட்டு, அதுக்கெண்டு தனிக் கம்பி அடிக்கட்டாம். சத்தம் நிண்டிடுமாம்.”

அது ஆபத்து என்று எனக்குத் தெரியும். வயறிங் பழகிய முதல் மாதத்திலேயே சொல்லித் தரும் விடயம் அது. “அம்மா, அது...” என்று தொடங்கினேன்.

“என்ன?”

“ஒண்டுமில்லை. அடிப்பம்.”

வளவின் பின்பக்கம், கிணற்றுக்கட்டுக்கு அருகே ஈரமான இடம் பார்த்து ஆறடிக் கம்பியை வைத்து அடித்தேன். எங்கள் நிலம் எப்படி என்று தெரியும்தானே: மேலே கொஞ்சம் சிவத்த மண், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். இரண்டடியில் கம்பி நின்றுவிட்டது. அலவாங்கால் குத்தினேன், தண்ணீர் ஊற்றினேன், இடம் மாற்றினேன். எங்கும் இரண்டடிதான். கல்லைத் துளைக்க மெஷின் வேண்டும். அதற்கு அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது: “முடிஞ்சுதோ தம்பி?” “ஓம் அம்மா” என்றேன். சொல்லிவிட்டதால் அதை உண்மையாக்க வேண்டியிருந்தது. மேலே நின்ற நாலடியை இரும்பு வாளால் அறுத்து, சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டினேன். வெட்டிய இடத்தைச் சீமெந்தால் மூடினேன். வீட்டு எர்த்தைக் கழற்றி, அலுமாரியை அந்த அரைகுறைக் கம்பியோடு இணைத்தேன். இலையான் போய்விட்டது. டொக்டர் அம்மா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “இப்பத்தான் தம்பி, இப்பத்தான்” என்றார்.

எங்காவது ஒரு வயரின் தோல் கிழிந்து கரண்ட் அந்த இரும்பில் ஏறினால், அது மண்ணுக்குப் போக இரண்டடிக் கம்பி போதாது. விழவேண்டிய ட்ரிப் சுவிட்சும் அந்த லைனில் இல்லை. அலுமாரி கரண்ட் ஏறியபடி, ஆரும் தொடும்வரை பேசாமல் நிற்கும். அவரோ காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு, வெறுங்காலோடு, ஈரக் கையால் சுவரைத் தடவித் தடவி வந்து, அலுமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துத்தான் சுவிட்சைக் கண்டுபிடிப்பார். இலையானைத் தேடிய நாட்களில் அதை நான் பார்த்திருந்தேன்.

அன்றே பயம் தொடங்கிவிட்டது. காலை ஏழரைக்கு அவர் பாட்டுப் போடுவார் என்று தெரியும். எட்டு மணிக்கு நான் தொலைபேசி எடுப்பேன். “பாட்டு வடிவாக் கேக்குதோ அம்மா?” அவர் சிரிப்பார். “ஓம் ஓம், கேக்குது. என்ரை சொந்தத் தம்பியே இப்பிடி ஒவ்வொரு நாளும் எடுக்கிறேல்லை. உமக்கு வேற வேலை இல்லையோ?” அவருடைய குரலைக் கேட்டபிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும். என்னைப்போல அக்கறையான வேலைக்காரனைத் தான் கண்டதில்லை என்று நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேரும் என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் நான் கூனிக் குறுகினேன். பத்திரிகையில் மரண அறிவித்தல்களை முதலில் பார்க்கத் தொடங்கினேன். “என்னப்பா, பின்பக்கத்திலையிருந்து படிக்கிறியள்? ஆரும் செத்துப்போச்சினமோ?” என்று மனைவி கேட்டார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

சொல்லாமலே சரி செய்யலாம் என்று ஒருநாள் போனேன். தூசி தட்ட வந்ததாகச் சொல்லி அலுமாரியைத் திறந்தேன். அவர் கதிரையில் இருந்து வீணை கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டு எர்த் வயரை எடுத்து, அதன் இடத்தில் மெல்ல வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“தம்பி, என்ன செய்யிறீர்? இலையான் வந்திட்டுது.”

இப்போது சொல்லிவிடலாம், இதைவிட நல்ல நேரம் வராது என்று மனம் சொன்னது. கை வயரைத் திரும்பக் கழற்றியது. “போயிட்டுதோ அம்மா?” என்று கேட்டேன். “ஓம், போயிட்டுது” என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கெட்ட வேலை கம்பியை அறுத்ததல்ல. அன்று அந்த வயரைத் திரும்பக் கழற்றியதுதான்.

பிறகு ஐப்பசி வந்தது. பின்னேரங்களில் இடியும் மின்னலும். அன்று நான் வேறொரு வீட்டில் ஏணியில் நின்றபோது, எங்கோ கிட்ட இடி விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் நின்றது. இடியில் ஒரு வயரின் தோல் எரிந்திருந்தால் போதுமே என்று நினைத்து, உடனே அவருக்கு எடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் எடுத்தேன். ஏணியை விட்டுவிட்டு, ஆருக்கும் சொல்லாமல் புறப்பட்டேன். அப்படித்தான் அந்தப் பச்சைக் கேற்றின் முன்னால் வந்து நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தெரு விளக்கு ஒன்று பட்டென்று எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் வந்தால் அவர் எழும்பிப் போய்ப் பாட்டைப் போடுவார்.

கொளுக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவருடைய தொலைபேசி ஹோல் மேசையில் கிடந்தது, பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கதிரையிலிருந்து எழும்பி, கையை முன்னால் நீட்டியபடி அலுமாரியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வெறுங்கால். தரையில் யன்னல் சாரல்.

“நில்லுங்கோ! தொடாதேங்கோ!”

அவர் அப்படியே நின்றார். “ஆர் அது?”

“நான் அம்மா, வயறிங்.”

“உமக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கோ? இவ்வளவு நாளும் எங்கை வைச்சிருந்தனீர்?”

நான் ஓடிப்போய் மெயினை நிற்பாட்டினேன். திரும்பி வந்து, ஈரம் சொட்டச் சொட்ட, எல்லாவற்றையும் சொன்னேன். ஆறடி, இரண்டடி, சீமெந்து, திரும்பக் கழற்றிய வயர், எல்லாம். அவர் கதிரையின் கையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“எப்ப தெரியும் உமக்கு?”

“கம்பி அடிச்ச அண்டைக்கே.”

“அப்ப ஒவ்வொரு நாளும் போன் எடுத்தது பாட்டைப் பற்றிக் கேக்க இல்லை.”

“இல்லை அம்மா.”

“நான் செத்திட்டனோ எண்டு பாக்க.”

நான் தலையாட்டினேன். அவருக்கு அது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. “ஓம்” என்றேன்.

பிறகு அவர் கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னார்: “நான் கேட்டதும் பிழைதான். ஆனா நோயாளி கேட்ட மருந்தையெல்லாம் நானும் எழுதிக் குடுத்திருந்தா, இந்த ஊரிலை எத்தினை பேர் மிஞ்சியிருப்பினம்?”

அடுத்த நாள் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடைக்குப் போய், வெட்கத்தை விட்டு, நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “அண்ணை, தகட்டு வயருக்கு ரெண்டு முனையிலையும் இரும்புத் தலை போட்டா உர் எண்டு சத்தம் வராம வேற என்ன வரும்? நடுவிலை கொஞ்சம் பைபர், கண்ணாடி நூல் வயர், அதைப் போடுங்கோ. கண்ணாடியாலை கரண்ட் போகாது.” இலையானைக் கொண்டுவந்து விட்டதே நான்தான். ஹோலுக்கும் பாட்டு அறைக்கும் நடுவில் பைபர் வயரை இழுத்தேன். அலுமாரியை வீட்டு எர்த்தோடு சேர்த்து, லைனை ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போட்டேன். சோதித்துப் பார்த்ததில், அலுமாரியில் எங்கும் கரண்ட் கசியவில்லை. இடி விழுந்த அன்று அவர் தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இலையான் திரும்பி வரவில்லை. டொக்டர் அம்மா நன்றி சொன்னார். ஆனால் அதன் பிறகு அந்த அறைக்குள் போகும்போது ரப்பர் செருப்புப் போடத் தொடங்கினார்.

இப்போதெல்லாம் வேலைக்குப் போகும் வீடுகளில் ‘ஏலாது’ என்று சொல்கிறேன். சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்கிறது. சிலர் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். பயம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசி எடுத்தார். “டொக்டர் அம்மா மோசம் போயிட்டா” என்று சாவுச் செய்தி சொன்னார். ஐயோ என்று என் வாய் சொல்லவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை.

“எந்த அறையிலை?” என்று கேட்டேன்.

“அறையோ? ஆஸ்பத்திரியிலை அண்ணை. மூண்டு நாளா நெஞ்சுச் சளி.”

நெஞ்சுக்குள் அடைத்திருந்த காற்று முழுவதும் வெளியே போயிற்று. அந்தப் பெருமூச்சு மறுமுனையில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு, செத்தவீடு நாளைக்கு என்றார். வாறன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.