ரஹீம் பாய் கொட்டாயில் ஓடிய அம்மன் படம்

ரஹீம் பாய் போய்விட்டார்... காலையில் அவர் மகள் ஃபோன் செய்தாள். பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில் டூரிங் கொட்டாய் நடத்தினாரே, அவர்தான். மேலே கீற்று, கீழே மணல். நான் அப்போது பாவாடை சட்டை.

ஒரு ஆடி மாசம், பெரிய ஹீரோ நடித்த கலர் படம் கொண்டுவந்தார். வாடகை ரொம்ப அதிகம். மனைவி ஜமீலாக்கா செயினை அடகு வைத்துத்தான் எடுத்தார்.

வாரம் முழுக்க ஈ ஓட்டினார்.

நேராக எங்கள் மளிகைக் கடைக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். "இன்னா தங்கச்சி, மெட்ராஸ்ல டிக்கெட்டே கெடைக்கலயாம். இங்க பொம்பளைங்க பக்கம் காலியா கெடக்குது?"

"ஏன் பாய், சுத்துப்பட்டு ஊருல எல்லாம் அம்மனுக்குக் காப்பு கட்டி வெரதம் இருக்காங்க. டூயட் பாக்க எவ வருவா? எங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

"செயினு போச்சேம்மா..." அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மன் படம் போடுங்க. வண்டி கட்டிக்கினு வருவாங்க."

"அது பழைய படம் தங்கச்சி. மழ பெய்யற மாதிரி கோடு கோடா இருக்குமே!"

"ஆடியில மழ பெஞ்சா நல்லதுதானே!"

வாடகை கொஞ்சம்தான் என்பதால் துணிந்து எடுத்தார். அந்தக் கலர் படம் தயாரிக்க எவ்வளவு கொட்டினார்களோ... இதில் ஒரு கோயில் செட், ரெண்டு பொம்மைப் பாம்பு. அவ்வளவுதான்.

அனந்தபுரத்திலிருந்தெல்லாம் வண்டி வந்தது. மஞ்சள் புடவையோடு வந்தவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

திரையில் அம்மன் வந்ததும் ஒருத்தி கற்பூரம் ஏற்றிவிட்டாள். கீற்றுக் கொட்டாயில்!

பாய் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "யம்மா தாயே, கொட்டாய் எரிஞ்சிடும்! வெளிய ஏத்துங்க, தட்டு நானே தரேன்!"

மறுநாள் வாசலில் தட்டு வைத்துவிட்டார். கூட்டம் இன்னும் ஏறியது...

காப்பு அவிழ்ப்பதற்குள் செயின் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜமீலாக்கா அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த ஆடிக்கு அதே தேய்ந்த படத்துக்கு ஹீரோ படத்து வாடகை கேட்டார்களாம். "ஒங்க அம்மனும் வெல ஏத்திடுச்சி தங்கச்சி" என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே எடுத்தும் வந்தார்.

மதியம் பாயை அடக்கம் செய்ய எடுக்கிறார்கள். எங்கள் தெருமுனை வழியாகத்தான் கொண்டுபோவார்கள், போய் நிற்க வேண்டும்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்க பாய்... அங்காளம்மா கிட்ட சொல்லியிருக்கேன். உங்க அல்லாவும் பார்த்துக்குவார்.